குறை ஐபீஸிலா, கண்ணிலா, கண்ணாடியிலா? வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தொலைகாட்டியின் பார்வைத்துண்டைப் பற்றியவை. கடையில் எல்லோரும் ஐபீஸ் என்றே கேட்பதால் இங்கேயும் அந்தச் சொல்லே அதிகம் வரும்.

கேள்வி: மகளின் சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு 114 மிமீ விட்டமும் 900 மிமீ குவியத்தூரமும் உள்ள தெறிப்புத் தொலைகாட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். பெட்டியில் 675 மடங்கு என்று அச்சிட்டிருக்கிறது. 20 மிமீ, 4 மிமீ என இரண்டு ஐபீஸும் பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ வில்லையும் கூட வந்தன. 20 மிமீயில் வியாழன் நான்கு சந்திரன்களோடு அழகாகத் தெரிகிறது. 4 மிமீயைப் பார்லோவோடு போட்டால் ஒரு மங்கல் திட்டைத் தவிர ஒன்றும் இல்லை. தொலைகாட்டி பழுதா?
(ஒரு தாய், வெள்ளவத்தை)

பதில்: பழுதில்லை. 20 மிமீயில் நான்கு சந்திரன்களும் தெளிவாகத் தெரிந்தால் கண்ணாடி தன் வேலையைச் செய்கிறது என்றே கொள்ளலாம். 900ஐ 4ஆல் வகுத்தால் 225, அதை மூன்றால் பெருக்கினால் 675. பெட்டிக்காரரின் கணக்கு சரிதான். ஆனால் 114 மிமீ கண்ணாடி அவ்வளவு பெருக்கத்துக்கு வேண்டிய விவரத்தைத் தராது. விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் இரண்டு மடங்கு என்பதே உச்ச வரம்பு, அதாவது உங்களுக்கு ஏறக்குறைய 228. காற்று அலைபாயாத இரவில்தான் அதையும் எட்டலாம்.

வெளிச்சமும் சிதறிப்போகிறது. ஐபீஸிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றை கண்ணருகே ஒரு சிறு வட்டமாகக் குவியும். அதற்குக் கண்வளையம் என்று பெயர். விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் அதன் அளவு கிடைக்கும். 20 மிமீயில், அதாவது 45 மடங்கில், அது 2.5 மிமீ. 675 மடங்கில் 0.17 மிமீ. பெருக்கம் 15 மடங்கு கூடும்போது வியாழனின் முகம் 225 மடங்கு மங்குகிறது. அத்தோடு அவ்வளவு மெல்லிய கற்றையில் உங்கள் கண்ணுக்குள் மிதக்கும் தூசு நிழல்களும் தெரியத் தொடங்கும்.

இனி ஐபீஸின் தலையிலுள்ள எழுத்தைப் பாருங்கள். ஆங்கில எச் எழுத்து இருந்தால் அது ஹைகன்ஸ் வகை. எஸ், ஆர் என்று இருந்தால் ராம்ஸ்டன் வகை. இரண்டுமே இரண்டு தனி வில்லைகளால் ஆனவை. 17ஆம் நூற்றாண்டில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் தன் பெயர் கொண்ட வகையை அமைத்தபோது அவர் கையாண்டவை மிக நீண்ட தொலைகாட்டிகள். அவருடைய வில்லைகளில் ஒன்றின் குவியத்தூரம் 123 அடி. அப்படிப்பட்ட நீளத்தில் ஒளி மிகச் சன்னமான கூம்பாக வந்து சேரும், இரண்டே வில்லைகள் அதைச் சமாளித்துவிடும். உங்களுடையதோ எஃப் 8. குவியத்தூரம் விட்டத்தைப் போல் எட்டு மடங்கு என்பது இதன் பொருள். அந்தக் கூம்புக்கு ஹைகன்ஸ் வகை போதாது. நடுவிலேயே கூர்மை குறையும், விளிம்பில் நிறக்கரை விழும். 4 மிமீ ராம்ஸ்டனில் கண்ணிமை வில்லையில் ஒட்டுமளவு நெருங்கவும் வேண்டும். மலிவுப் பெட்டிகளோடு வரும் மூன்று மடங்கு பார்லோக்களில் பிளாஸ்டிக் வில்லை இருப்பதும் வழக்கம்.

முதலில் ஐபீஸின் குழாய் விட்டத்தை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். 31.7 மிமீ என்றால் இன்று கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஐபீஸ்கள் பொருந்தும். பழைய 24.5 மிமீ என்றால் தொலைகாட்டியின் குவியக் குழாய்க்கு மாற்று வளையம் தேவைப்படும். அதன்பின் பிளாசல் வகையில் 25 மிமீ ஒன்றும் 10 மிமீ ஒன்றும் வாங்குங்கள், 36 மடங்கும் 90 மடங்கும் கிடைக்கும். வியன்னாவின் கியோர்க் பிளாசல் 1860இல் அமைத்த நான்கு வில்லை அமைப்பு அது. எஃப் 8இல் நன்றாக வேலை செய்யும். அடுத்த வருடம் 6 மிமீ ஓர்தோஸ்கோபிக் வகை ஐபீஸ் ஒன்று சேர்த்தால் 150 மடங்கு. கொழும்பில் கிரகம் பார்க்க அதற்கு மேல் அடிக்கடி தேவைப்படாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியே ஆகவேண்டும். இத்தகைய பெட்டிகளில் சிலவேளை ஐபீஸின் அடியில் திருகும் கறுப்பு நிறச் சூரியக் கண்ணாடி ஒன்றும் இருக்கும். இருந்தால் இன்றே உடைத்து எறிந்துவிடுங்கள். 114 மிமீ கண்ணாடி சேர்த்த வெயில் முழுவதும் குவியும் இடத்தில் அது இருக்கிறது. சூடேறி வெடித்தால் கண்ணை இழுத்துக்கொள்ள நேரம் இராது. சூரிய வடிகட்டியின் இடம் தொலைகாட்டியின் முன்வாய் மட்டுமே.

கேள்வி: என்னிடம் 130 மிமீ, எஃப் 5 டொப்சோனியன் (எளிய சுழல்மேடையில் நிற்கும் தெறிப்புத் தொலைகாட்டி) உண்டு. 20 மிமீ, 70 பாகை அகலக் காட்சி ஐபீஸ் ஒன்று வாங்கினேன். நடுவில் நட்சத்திரங்கள் ஊசிமுனை, ஓரத்திலோ சிறகு விரித்த பறவைகள்! நண்பரின் எஃப் 12 மக்சுடோவ் வகைத் தொலைகாட்டியில் இதே ஐபீஸ் விளிம்புவரை சுத்தமாக இருக்கிறது. இது எப்படி?
(வாசகர், தெஹிவளை)

பதில்: ஐபீஸ் தன்னளவில் நல்லது அல்லது கெட்டது என்பது பாதி உண்மைதான். எந்தத் தொலைகாட்டியில் போடுகிறோம் என்பது மற்றப் பாதி. எஃப் 12இல் ஒளிக்கூம்பின் கோணம் 5 பாகைக்கும் குறைவு. எஃப் 5இல் அது 11 பாகையைத் தாண்டும். விளிம்பு நட்சத்திரத்தின் கூம்பு ஐபீஸுக்குள் சரிந்து நுழைகிறது. கூம்பு தடிப்பாக இருந்தால் அதன் இரு பக்கக் கதிர்களும் வில்லையில் வெவ்வேறு சாய்வில் பட்டு, ஒரே புள்ளியில் கூடாமல் போகின்றன. மெல்லிய கூம்பில் அதே பிழை இருந்தும் கண்ணுக்குத் தெரியாது.

ஓரத்தில் தெரிவது ஒரு குறையல்ல, மூன்று குறைகளின் கலவையாக இருக்கலாம். பிரித்துப் பார்க்க ஒரு பிரகாசமான நட்சத்திரம் போதும். முதலில் கண்ணாடிகளை நேர்ப்படுத்துங்கள். எஃப் 5இல் நேர்ப்படுத்தல் சற்றே பிசகினாலும் நடுப்புள்ளியே கெட்டுவிடும், பிறகு செய்யும் சோதனை எதுவும் செல்லாது. அடுத்து நட்சத்திரத்தை நடுவில் வைத்துக் கூர்மையாகக் குவியுங்கள். பின் தொலைகாட்டியைத் தள்ளி அதே நட்சத்திரத்தை விளிம்புக்குக் கொண்டுபோய், குவியக் குமிழியை மட்டும் மெல்லத் திருப்புங்கள்.

திருப்பியதும் அது மீண்டும் புள்ளியானால் புலத்தின் வளைவுதான் காரணம். நடுவும் விளிம்பும் ஒரே தளத்தில் குவியவில்லை, அவ்வளவே. இருபது வயதுக் கண் இதைத் தானே சரிசெய்துகொள்ளும். நாற்பத்தைந்தைத் தாண்டிய கண்ணால் முடியாது. ஒரே ஐபீஸை மகன் புகழ, தகப்பன் குறை சொல்வது பலமுறை இதனால்தான்.

குமிழியை ஒரு பக்கம் திருப்பும்போது நட்சத்திரம் கோடாக நீண்டு, மறுபக்கம் திருப்பும்போது அதற்குச் செங்குத்தான கோடாக மாறி, இடையில் சிறு சிலுவையாக நின்றால் அது அஸ்டிக்மாடிசம். உங்கள் பறவைகள் பெரும்பாலும் இந்த இனம். இது ஐபீஸின் குறை.

கூரான பக்கம் நடுவை நோக்க, வால் வெளிநோக்கி விரிந்து, குமிழியை எப்படித் திருப்பினாலும் அந்த உருவம் மாறாவிட்டால் அது கோமா. அதில் ஐபீஸுக்குப் பங்கில்லை, பரவளைவுக் கண்ணாடியின் இயல்பே அது. எஃப் 5இல் கோமா தொந்தரவு செய்யாத நடுவட்டத்தின் விட்டம் ஏறக்குறைய 2.8 மிமீ மட்டுமே. உங்கள் ஐபீஸ் காட்டுவதோ 24 மிமீ அளவான வட்டம். ஆயினும் 32 மடங்கு போன்ற சிறு பெருக்கத்தில் கோமா சிறிதாகவே தெரியும். எளிய அகல ஐபீஸ்களில் அஸ்டிக்மாடிசம் அதை மூடிவிடும். அதனால் கோமா திருத்தி வாங்க ஓடவேண்டாம். பறவை பறவையாகவே இருக்கும்.

நடுவிலேயே நட்சத்திரம் கோணலாக இருந்தால் சோதனை வேறு. ஐபீஸை அதன் குழாயில் சுழற்றுங்கள். கோணலும் கூடவே சுழன்றால் ஐபீஸுக்குள் ஒரு வில்லை மையம் விலகியிருக்கிறது. ஐபீஸை விட்டு உங்கள் தலையைச் சாய்த்துப் பாருங்கள். அப்போது சுழன்றால் குறை உங்கள் கண்ணில். இரண்டுக்கும் அசையாவிட்டால் கண்ணாடியைப் பாருங்கள்: பிடிகள் இறுகியிருக்கலாம், நேர்ப்படுத்தல் விலகியிருக்கலாம். விளிம்புக் குறைக்கு இந்தச் சுழற்றல் உதவாது. ஐபீஸ் வட்ட வடிவானது, எப்படித் திருப்பினாலும் விளிம்பு விளிம்புதான்.

பரிகாரம்? நல்ல இரண்டு மடங்கு பார்லோ போட்டால் ஐபீஸுக்கு வரும் கூம்பு எஃப் 10 ஆகிவிடும். பறவைகள் ஏறக்குறைய மறையும். ஆனால் பெருக்கம் 65 ஆகி, வானத்தின் பரப்பு பாதி விட்டத்துக்குச் சுருங்கும். விலை கூடிய அகல ஐபீஸ்கள் இதே தந்திரத்தை உள்ளேயே செய்கின்றன. 1979இல் அமெரிக்க ஒளியியல் வடிவமைப்பாளர் அல் நாக்லர் காப்புரிமை கோரிய 82 பாகை அமைப்பில், கீழே முதலில் வரும் குழிவில்லைத் தொகுதி கூம்பை மெலிதாக்கிவிட்டுத்தான் மற்ற வில்லைகளிடம் கொடுக்கிறது. வில்லைகள் ஏழு எட்டு ஆவதற்கும் விலை ஏறுவதற்கும் அதுவே காரணம். அந்த அளவு செலவழிக்க முடியாவிட்டால், எஃப் 5க்கு மலிவான 70 பாகையைவிட ஒழுங்கான 52 பாகைப் பிளாசல் மேல் என்பதே எங்கள் அபிப்பிராயம். விளிம்புத் தெளிவு வேண்டாத ஆடம்பரம் என்று எண்ணவும் வேண்டாம். மோட்டார் இல்லாத டொப்சோனியனில் 150 மடங்கில் 50 பாகைப் புலத்தைக் கிரகம் 80 செக்கனில் கடந்துவிடும். அதில் பாதி நேரம் மங்கலான விளிம்பில் போனால் பார்ப்பதற்கு என்ன மிஞ்சும்?

கேள்வி: புறக்கோட்டையில் இரண்டு ஐபீஸ் காட்டினார்கள். ஒன்று நான்கு வில்லை, மற்றது ஐந்து. இரண்டிலும் பூச்சு உண்டு என்கிறார்கள். கடையிலேயே சோதிக்க வழி உண்டா?
(ஆசிரியர், கொட்டாஞ்சேனை)

பதில்: உண்டு, ஒரு ரியூப் லைற்றும் யன்னலும் போதும். ஐபீஸை லைற்றுக்குக் கீழே பிடித்து, கண் வைக்கும் பக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். உள்ளே லைற்றின் பிம்பங்கள் ஒன்றன் பின் ஒன்றாகத் தெரியும், ஒவ்வொன்றும் ஒரு வில்லைப் பரப்பு. மங்கலான பச்சை அல்லது ஊதா என்றால் பல அடுக்குப் பூச்சு. வெளிர் நீலம் என்றால் ஓரடுக்கு மக்னீசியம் புளோரைட். பளிச்சென்ற வெள்ளை என்றால் அந்தப் பரப்பில் பூச்சே இல்லை. வெளிப்பக்க வில்லைக்கு மட்டும் பூசிவிட்டு உள்ளே வெறுமையாக விடுவது பழைய பழக்கம், ஆகவே எல்லாப் பிம்பங்களையும் எண்ணிப் பாருங்கள். பிறகு அடிப்பக்கத்திலிருந்தும் அப்படியே.

பூச்சில்லாத ஒரு கண்ணாடிப் பரப்பு ஏறக்குறைய 4 வீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. ஓரடுக்கில் அது 1.5 வீதத்தளவு, நல்ல பல அடுக்கில் அரை வீதம் அல்லது அதிலும் குறைவு. பிளாசலில் காற்றைத் தொடும் பரப்புகள் நான்கு. எனவே பூச்சின்றி 85 வீத ஒளி கண்ணுக்கு வரும், பல அடுக்கில் 98. பத்துப் பரப்புள்ள அகல ஐபீஸில் பூச்சின்றேல் 66 வீதந்தான். வில்லை கூடினால் பூச்சு கட்டாயமாவது இதனால்தான். ஐந்து வில்லை நான்கைவிட மேல் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். மூன்றை ஒன்றாக ஒட்டி மேலே ஒன்றை வைத்து 1880இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஏர்ன்ஸ்ட் அபே அமைத்த ஓர்தோஸ்கோபிக்கும் நான்கு வில்லைதான். கிரகம் பார்ப்பவர்கள் இன்னும் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

ஐந்து வீத இழப்பைக் கண் உணராது. திரும்பிய ஒளி எங்கே போகிறது என்பதுதான் பெரிய விடயம். அது உள்ளேயே இரண்டு முறை தெறித்து மீண்டும் கண்ணுக்கு வந்தால், வியாழனுக்கு எதிர்ப்புறம் பேய் போல் இன்னொரு மங்கல் வியாழன் நகரும், அல்லது நிலவைச் சுற்றிப் பால் கரைத்தது போல் ஒரு வெண்மை பரவும். இதே கெடுதலைக் குழாயின் உட்சுவரும் செய்யும். ஐபீஸை ஒரு முழ தூரத்தில் பிடித்து, கண்பக்கம் உங்களை நோக்க, யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பாருங்கள். நடு வட்டத்தைச் சுற்றி எல்லாம் கறுப்பாக இருக்கவேண்டும். பளபளக்கும் வளையங்கள் தெரிந்தால் உட்சுவர் மினுங்குகிறது, அல்லது வில்லையின் அரைத்த ஓரம் வெள்ளையாகவே விடப்பட்டிருக்கிறது. பூச்சு ஒரேமாதிரியான இரண்டில் உள்ளே கறுப்பாக இருப்பதை எடுங்கள், வில்லை எண்ணிக்கை எதுவாயினும்.

கேள்வி: பிளாசல் ஐபீஸ் ஒன்றில் சிலந்திவலை போல் பூஞ்சணம். கழற்றித் துடைக்கலாமா? இனி வராமலிருக்க என்ன செய்வது?
(வாசகர், மட்டக்குளி)

பதில்: வெளிப்பரப்பிலா உள்ளேயா என்று டோர்ச் அடித்துப் பார்த்து நிச்சயித்துக்கொள்ளுங்கள். வெளியே என்றால் முதலில் றப்பர் ஊதியால் தூசைப் போக்குங்கள். கடற்காற்று வரும் வீடுகளில் உப்புத்துகள் படிந்திருக்கும். ஊதாமல் துடைத்தால் பூச்சில் கீறல் விழும். பிறகு 99 வீத ஐசோபுரோபைல் மதுசாரத்தில் ஒரு துளியைப் பஞ்சுக்குச்சியில் விடுங்கள். வில்லையில் நேரே விட்டால் ஓரத்தால் உள்ளே இறங்கிவிடும். அழுத்தாமல், நடுவிலிருந்து வெளிநோக்கிக் குச்சியை உருட்டி எடுங்கள். ஒரு உருட்டலுக்கு ஒரு குச்சி. பாமசியில் கிடைக்கும் 70 வீத மதுசாரம் காய்ந்தபின் படலம் விடலாம்.

உள்ளே என்றால், பிளாசலை மட்டும் கழற்றத் துணியலாம். அடிக்குழாயைத் திருகி எடுத்தால் இரு வெட்டுகளுள்ள பிடிவளையம் தெரியும். அதைத் திறந்து, மெல்லிய துணி விரித்த மேசையில் கவிழ்த்தால் இரட்டை வில்லை, இடைவளையம், இரட்டை வில்லை என்று வரும். ஒவ்வொன்றின் அரைத்த ஓரத்திலும் கண்பக்கம் எது என்று பென்சிலால் அம்புக்குறி இடுங்கள். அதிகம் புடைத்த பரப்புகள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கவேண்டும். மாறிப் பூட்டினால் படம் கலங்கிவிடும். மதுசாரத்தில் ஊறவைக்கவேண்டாம், இரட்டை வில்லையை ஒட்டிய பசை கெடும். பிடிவளையத்தை விரல் பலத்துக்கு மேல் இறுக்கவும் வேண்டாம். நெரிந்த வில்லை நட்சத்திரத்தை முக்கோணமாக்கும். அகல ஐபீஸ்களைத் தொடவே வேண்டாம். துடைத்தபின்னும் வலைத்தடம் நின்றால் பூஞ்சணத்தின் அமிலம் பூச்சைத் தின்றுவிட்டது என்று பொருள். சிறு தடமென்றால் கிரகம் பார்க்க இன்னும் பயன்படும், நிலவில்தான் வெண்மை காட்டும்.

வெயிலில் காயவைக்கச் சொல்பவர்கள் உண்டு. ஐபீஸ் ஒரு உருப்பெருக்கி, கீழே கிடக்கும் துணியில் தீப்பிடிக்கும். அரிசிக்குள் புதைப்பது மாத்தூளை ஏற்றும். பூச்சி உருண்டையின் ஆவி வில்லையில் படியும்.

காற்றுப்புகாத மூன்று லீற்றர் சாப்பாட்டுப் பெட்டி, 100 கிராம் சிலிக்கா ஜெல், சிறு ஈரப்பதன்மானி, இவ்வளவும் போதும். மானி 40க்கும் 50க்கும் இடையில் நிற்கவேண்டும். கொழும்பில் அறைக்குள்ளேயே பெரும்பாலான நாட்களில் 70க்கு மேல் காட்டும், பூஞ்சணத்துக்கு அது தாராளம். செம்மஞ்சள் மணிகள் பச்சையானதும் 120 பாகை செல்சியஸ் ஓவனில் இரண்டு மணிநேரம் காயவைத்து, மூடிய போத்தலில் ஆறவிட்டுத் திரும்பப் போடுங்கள். தோல் உறையிலும் ஸ்பொஞ்ச் பெட்டியிலும் நிரந்தரமாக வைக்கவேண்டாம், அவை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

இன்னொரு காரணம் ஏசி அறை. குளிர்ந்த ஐபீஸை மேல்மாடிக்கு எடுத்துப்போய் மூடியைக் கழற்றியதும் வில்லை வியர்க்கும், உள்ளேயும் ஈரம் நுழையும். மூடிகளோடும் பையோடும் அரைமணி நேரம் வெளியே விட்டுப் பிறகு திறவுங்கள். வியர்த்துவிட்டால் துடைக்காமல் காயவிடுங்கள். காயாமல் பெட்டிக்குள் போடுவதுதான் பூஞ்சணத்துக்கு வித்திடுகிறது.

கேள்வி: மூக்குக்கண்ணாடி அணிபவன். கழற்றிவிட்டுப் பார்க்கலாமா?
(வாசகர், பம்பலப்பிட்டி)

பதில்: கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கழற்றலாம், குவியக் குமிழி ஈடுசெய்யும். மருந்துச்சீட்டில் கண்ணின் அஸ்டிக்மாடிசத்தைக் குறிக்கும் சிலிண்டர் பவர் 1க்கு மேல் இருந்தால் கண்வளையம் 2 மிமீக்கு மேற்பட்ட ஐபீஸ்களில் கண்ணாடியோடு பாருங்கள். அதற்குக் கீழே கண்ணின் நடுப்பகுதி மட்டுமே பயன்படுவதால் கோணல் பெரிதாகத் தெரியாது. கண்ணாடியோடு முழுப் புலமும் காண, ஐபீஸின் வில்லையிலிருந்து கண் வைக்கும் தூரம் 15 முதல் 20 மிமீ வேண்டும். பிளாசலில் அது குவியத்தூரத்தின் முக்கால்வாசி அளவே, 10 மிமீயில் 7 மிமீ மட்டில். 25 மிமீயில் பிரச்சினை இல்லை.

கேள்வி: 25 மிமீ ஐபீஸில் 60 பாகை என்று எழுதியிருக்கிறது. நம்பலாமா? என் தொலைகாட்டி 650 மிமீ குவியத்தூரம்.
(பல்கலைக்கழக மாணவி, கொழும்பு 6)

பதில்: நம்பவேண்டியதில்லை, அளக்கலாம். ஓரியன் வேடனின் இடைவார் மூன்று நட்சத்திரங்களில் முதலில் உதிக்கும் மிந்தாக்கா வான மத்தியரேகையை ஒட்டியே இருக்கிறது. அது நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும். பெப்ரவரி நடுப்பகுதியில் இரவு எட்டு மணியளவில் கொழும்பில் ஏறக்குறைய தலைக்கு மேலே வந்துவிடும். அந்நேரம் தொலைகாட்டியைத் திருப்புவது சிரமம், ஆகவே ஏழு மணிக்கே கிழக்கில் பிடியுங்கள்.

நட்சத்திரத்தை விளிம்புக்குச் சற்று வெளியே விட்டு, தொலைகாட்டியைத் தொடாமல் காத்திருங்கள். உள்ளே எட்டிப் பார்த்த கணத்தில் கைபேசியின் நிறுத்தற் கடிகாரத்தை அழுத்தி, நடுவினூடாகச் சென்று மறுவிளிம்பில் மறையும்போது நிறுத்துங்கள். நடுவைத் தவறவிட்டால் நேரம் குறைந்து காட்டும், மூன்று முறை எடுத்து அதிகமானதை வைத்துக்கொள்ளுங்கள்.

8 நிமிடம் வந்தால் உண்மைப் புலம், அதாவது ஐபீஸ் காட்டும் வானத்தின் அகலம், 2 பாகை. உங்கள் பெருக்கம் 650ஐ 25ஆல் வகுக்க 26. இரண்டையும் பெருக்கினால் 52, கண்ணுக்குத் தோன்றும் புலம் அதுவே. 60 என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது 52 பாகைப் பிளாசலாக இருக்கலாம். ஐபீஸின் அடியில் தெரியும் எல்லை வளையத்தை வேர்னியரால் அளந்தும் ஒப்பிடுங்கள். 2ஐ 650ஆல் பெருக்கி 57.3ஆல் வகுத்தால் 22.7 மிமீ. வளையம் அதற்கு அண்மையில் இருக்கவேண்டும். உண்மையான 60 பாகை என்றால் நட்சத்திரம் கடக்க 9 நிமிடத்துக்குச் சற்று மேல் எடுத்திருக்கும். விளிம்பில் படத்தை இழுத்து நீட்டும் ஐபீஸ்களில் இந்த வழி ஓரிரு பாகை குறைத்துக் காட்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.